ஆறு மணித் தண்ணீர்

கடலோர ஊரான சிபுலாவில் காரணமில்லாமல் யாரும் ஓட மாட்டார்கள். ஒருவர் ஓடினால் மழை துரத்துகிறது, நாய் துரத்துகிறது, இல்லாவிட்டால் மலைமேல் எந்த வீட்டிலோ உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். அதனால் மீன்காரி ரொவேனா தலையில் அன்னக்கூடை இல்லாமல் கடற்கரைச் சாலையில் ஓடத் தொடங்கிய முதல் வாரம், வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, சும்மாதான் ஓடுறேன்" என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு பெண்கள் துக்க வீடு எதுவென்று பார்த்துவிடலாம் என்று அவள் வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து, அடுப்படியில் அவள் சோளக் குருணை கிண்டுவதைப் பார்த்து ஏமாந்து திரும்பினார்கள்.

அவள் புருஷன் தெர்யோ வள்ளக்காரன். எலியூதெரியோ என்பது முழுப்பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்படவில்லை. விடியும்முன் அவன் வள்ளம் கரை தட்டும். ரொவேனா மீனை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு மலைக்கிராமங்களுக்குக் கிளம்புவாள். வெயில் ஏறுவதற்குள் மீன் மேலே போய்ச் சேர வேண்டும். பதினேழு வருஷம் ஓட்டமும் நடையுமாக அந்த மலையில் ஏறி இறங்கினாள். பிறகு ஊரில் புதுச் சந்தை கட்டினார்கள். அவளுக்கு ஒரு கடையும் உட்கார ஒரு முக்காலியும் கிடைத்தன. முக்காலியில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே கால் குடைச்சல் தாங்கவில்லை. படுத்தால் கால் தானாக உதைத்தது. உதை வாங்கியவன் தெர்யோ. "எங்கயாவது போய் ஓடிட்டாவது வாயேன்" என்று அவன்தான் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுந்தான். அவள் எழுந்து போய் ஓடிவிட்டு வந்தாள்.

முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கள் குடிக்கிற இடத்தில் "உன் பொண்டாட்டி உன்னை விட்டு ஓடறாளாமே, அப்புறம் ஏன் திரும்பி வர்றா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் விடியற்காலை வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரையோரமாகவே வந்துகொண்டிருந்தபோது சாலையில் ஓர் உருவம் தன் வள்ளத்துக்குச் சமமாக வருவதைக் கண்டான். எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினான். அந்த உருவமும் விடவில்லை. தோளுக்குக் கீழே எல்லாம் ஓடியது, தலை மட்டும் ஆடவில்லை. பதினேழு வருஷம் தண்ணீர் சொட்டும் மீனைச் சுமந்த கழுத்து அது. பாதிரியார் வீட்டு மதில் வரைக்கும் அப்படியே வந்து, கடலைத் திரும்பியும் பார்க்காமல் தென்னந்தோப்புக்குள் புகுந்துவிட்டது. தெர்யோ எஞ்சினை அணைத்துவிட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். கட்டினவளை இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல்முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

மார்ச் மாதம் வெயில் கொளுத்த ஆரம்பித்து, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஜுன்ரே ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். மே மாதத் திருவிழாவுக்கு முந்தின நாள் சிபுலாவில் முதல் டிரையத்லான்.

"தெர்யோ, நான் பேர் குடுத்துட்டேன்" என்றாள் ரொவேனா, கருவாட்டைப் பிய்த்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே.

"எதுக்கு?"

"ஜுன்ரே சார் நடத்துறாரே, அதுக்கு. நீச்சல் எழுநூத்தம்பது மீட்டர், சைக்கிள் இருபது கிலோமீட்டர், கடைசியா ஓட்டம் அஞ்சு."

"ஓட்டம் சரி. சைக்கிளையும் விழுந்து எந்திரிச்சு ஓட்டிடுவே. நீச்சலுக்கு உனக்குப் பதிலா யாரு போறது?"

"நான்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் சோளக் குருணை மூக்கில் ஏறியது. "முட்டிக்கு மேல நனைஞ்சிருக்கியா நீ? மலைக்காரி நீ. கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு அலை சத்தத்துக்குப் பயந்து காதுல துணி அடைச்சிட்டுப் படுத்தவ."

ரொவேனா சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா நீ தினம் அதுக்குள்ள போறே. நான் கரையில நின்னு உன் விளக்கு தெரியுதான்னு பார்க்கிறேன். உள்ள அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. கேட்டா, 'தண்ணிதான், வேற என்ன'ங்கிறே. நானே போய்த் தெரிஞ்சுக்கிறேன். நீ கத்துக் குடு."

மறுநாளே துணிந்து இறங்கினார்கள்.

ஒரு மாதம் அவள் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நெஞ்சளவு தண்ணீரில் மிதக்கப் பழக்கினான். முதல் நாள் அவன் கழுத்தைப் பிடித்தவள் விடவேயில்லை. நகக்கீறல் ஒரு வாரம் எரிந்தது. மெதுவாகக் கை வந்தது, கால் வந்தது, மூச்சு மட்டும் வராமல் படுத்தியது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள், இன்றைக்குத் தூரம் போகலாம் என்று தன் வீட்டுக் கரையிலிருந்து வடக்கே போகச் சொன்னான். அப்போது வற்றம், கடல் நீர் இறங்குகிற நேரம். கடல் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. வள்ளக்காரனாக இருந்தும் அவன் அதை யோசிக்கவில்லை. மெதுவாகத்தானே போகப் போகிறாள் என்று விட்டுவிட்டான். ஐம்பது கை போட்டு நிமிர்ந்து பார்த்தாள் ரொவேனா. கிளம்பின இடத்துக்கும் தெற்கே கிடந்தாள். கரையேறி மணலில் உட்கார்ந்து, "அது என்னை வேண்டாங்குது தெர்யோ" என்று அழுதாள். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஓடவும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளை வள்ளத்தில் ஏற்றி வடக்கு முனைக்குக் கொண்டு போனான். "வீட்டைப் பார்த்து நீந்து. வீடு தெரிஞ்சா பயம் வராது" என்றான். வற்றம் பலமாக ஓடுகிற நேரம் அது. அவன் பார்த்துத்தான் கூட்டிப்போயிருந்தான். ரொவேனா இறங்கினாள், கையைப் போட்டாள், கடல் அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டது. எழுநூற்றைம்பது மீட்டர், பதினாறு நிமிஷம். தண்ணீர் வழிய எழுந்து நின்றவளின் முகத்தைத் தெர்யோ பார்த்தான். மகன் பிறந்த அன்று மருத்துவச்சி கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பார்த்த முகம். அந்த மகன் இப்போது எங்கோ கப்பலில் வேலை பார்க்கிறான். அந்த முகத்தை நடுவில் அவன் பார்க்கவேயில்லை.

"பதினாறு நிமிஷமா? பொய் சொல்லாதே."

"கடிகாரத்தைப் பாரு, நீயே."

"நானா நீந்தினேன்?"

"பின்ன, உங்க அம்மாவா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாததோடு விடாமல், அன்றிலிருந்து அதையே தொழிலாக வைத்துக்கொண்டான். தண்ணீர் தெற்கே ஓடும் நேரம் பார்த்து வடக்கு முனையிலிருந்து நீந்த விட்டான். வடக்கே ஓடும் நேரம் பார்த்துத் தெற்குப் பாலத்திலிருந்து நீந்த விட்டான். எப்படிப் போனாலும் வீட்டைப் பார்த்துத்தான் நீச்சல், எப்போதும் கடல் முதுகில் கை வைத்துத் தள்ளியது. நீரோட்டத்தின் நேரம் தினம் முக்கால் மணி தள்ளிப்போகும். "நேத்து நாலு மணி, இன்னைக்கு ஏன் அஞ்சு?" என்று கேட்டால், வலை கிழிந்துவிட்டது என்பான், அல்லது உடம்பெல்லாம் தடிக்க வைக்கிற சொறிமுட்டை வந்திருக்கிறது என்பான். அந்தக் கோடையில் சிபுலாவுக்கு வராத சொறிமுட்டை அத்தனையும் தெர்யோ வாயிலிருந்து வந்தது.

ரொவேனாவோ ஆள் மாறிப் போனாள். விடிகாலை ஓட்டம், பகலெல்லாம் மீன் கடை, வெயில் சாய்ந்தால் ஜுன்ரே சார் மனைவியின் சைக்கிள். ஓலைக்கூரையே வெயிலில் வெடிக்கிற ஏப்ரலில் மலைச்சாலையில் சைக்கிளை மிதித்து ஏறுவாள், முன்பு மீன் வாங்கின வீடுகளில் இளநீர் வெட்டிக் கொடுத்து, "கூடை எங்கடி?" என்று கேட்பார்கள். முழங்கை உரிந்தது, முட்டி உரிந்தது. சந்தையில் மீன் வெட்டிக்கொண்டே வாடிக்கைக்காரர்களிடம் பதினாறு நிமிஷத்தைச் சொல்லுவாள். கேட்டவர்கள் ஒரு மீன் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்கள். ஜுன்ரே சார் ஒருநாள் நம்பாமல் கடிகாரத்தோடு வந்து கரையில் நின்று பார்த்துவிட்டு, "தெர்யோ, இவங்க பிறவி நீச்சல்காரி!" என்றார். சார் மலைப்பக்கத்து ஆள், கடல் படித்தவர் இல்லை. தெர்யோ தலையைச் சொறிந்தான்.

கடல் படித்த ஆள் பக்கத்து வீட்டில் இருந்தாள். தெர்யோவின் அக்கா பெசிங். அக்காவை அங்கே மனாங் என்பார்கள், தம்பியைத் தோங். வலை முடைகிறவள். முற்றத்தில் உட்கார்ந்தபடியே நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். அவள் ஒரு வாரம் பார்த்தாள், பிறகு வேலியருகே தம்பியைக் கூப்பிட்டாள்.

"தோங், என்ன காரியம் பண்றே? பொண்டாட்டியை நீந்த விடுறியா, மிதக்க விடுறியா?"

"சத்தமா பேசாதே, மனாங்."

"தேங்கா மட்டையைப் போட்டாக்கூட பதினாறு நிமிஷத்துல உன் வீட்டுக்கு வந்து சேரும். சொல்லிடு அவகிட்ட."

"சொன்னா மறுபடியும் தண்ணிப் பக்கமே வரமாட்டா. அந்த முகம் போயிடும் மனாங்."

"போட்டி அன்னைக்கு என்ன பண்ணுவே? கடலை வீட்டைப் பார்த்து ஓடச் சொல்லுவியா?"

அதற்குத்தான் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பிறையைப் பார்த்து விரல் மடக்கி எண்ணி, சந்தேகத்துக்கு வள்ளக்காரர் நாலு பேரிடமும் கேட்டாகிவிட்டது. போட்டி நாளில் காலை ஆறு மணிக்கு ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும். முக்கால் மணிநேரம் குளம் மாதிரி நிற்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறே முக்காலுக்குள் எல்லோரும் கரையேறிவிடலாம். நின்ற தண்ணீரில் அவள் முப்பது நிமிஷத்தில் வந்துவிடுவாள்; என்னவோ இன்று கொஞ்சம் தாமதம் என்று நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஜுன்ரே சாரிடம் போய், "சார், சரியா ஆறு மணிக்கு விட்டுடணும். அதுக்கு மேல தண்ணி நமக்குச் சொந்தமில்ல" என்று சொன்னான். சாரும் ஆறு மணி என்றே அச்சடித்தார்.

பெசிங் மட்டும், "இந்த ஊர்ல எது ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்கு நடந்திருக்கு?" என்றாள். தெர்யோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாளும் வந்தது. ஐந்தே முக்காலுக்குக் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. நங்கூரம் போட்ட வள்ளங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்றன. கரையில் சிவப்புத் தொப்பி போட்ட எண்பத்தாறு பேர், புஜத்தில் மையால் எழுதிய எண்ணோடு. நகரத்திலிருந்து வந்தவர்கள் வழவழப்பான உடுப்பில் இருந்தார்கள். ரொவேனா மகன் விட்டுப்போன கால்சட்டையில் இருந்தாள். வள்ளக்காரர் ஒன்பது பேர் காவலுக்கு. தெர்யோவுக்குத் தெற்கு மிதவை; நீந்துகிறவர்களுக்கு நடுவே எஞ்சின் ஆபத்து என்று அவன் அன்று துடுப்பு வள்ளத்தில் நின்றான்.

நீச்சல் வழி இவ்வளவுதான்: கரையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே போய் முதல் மிதவை, அங்கிருந்து தெற்கே கரையோடு இணையாகப் போய் இரண்டாவது மிதவை, அதைச் சுற்றினால் பிறகு கரையில் கட்டியிருக்கும் அலங்கார வளைவைப் பார்த்து வடக்கே எப்படி வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

ஆறு மணிக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஆட்களை மந்திரித்தார், தண்ணீரை மந்திரித்தார், எண்பத்தாறு சைக்கிளையும் தனித்தனியாக மந்திரித்தார். பிறகு தேசிய கீதம். பாதியில் மின்சாரம் போய்விட்டது. பாதிக் கீதம் மரியாதைக் குறைவு என்று, மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து பாடினார்கள். ஆறே காலுக்கு மேயர் மைக்கைப் பிடித்தார். சைக்கிள் போகப் போகிற சாலையைத் தாம் போட்டதைச் சொன்னார். அதற்கு முன்னிருந்த குழிகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். துணை மேயர் அதே குழிகளில் இன்னொருமுறை விழுந்து எழுந்தார். பிறகு மாதர் சங்கத்தின் நடனம்.

தெர்யோ வள்ளத்தில் நின்று கடலைப் பார்த்தான். ஆறரைக்கு ஒரு வள்ளம் மூக்கை வடக்கே திருப்பியது. பிறகு இன்னொன்று. ஆறு ஐம்பதுக்குக் கரை நெடுக நின்ற அத்தனை வள்ளமும் வடக்கே முகம் வைத்து நங்கூரக் கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றன. வற்றம் ஓடத் தொடங்கிவிட்டது. தெர்யோ துடுப்பை வலித்துக் கரைக்கு வந்தான்.

"சார்! தண்ணி ஓடுது! நிறுத்துங்க, இல்ல உடனே விடுங்க!"

"மறுபடியும் மேயர் கையில மைக் இருக்கு தெர்யோ" என்றார் ஜுன்ரே, அழாத குறையாக. "நான் எப்படிப் பிடுங்குவேன்?"

தெர்யோ சிவப்புத் தொப்பிகளுக்குள் புகுந்தான். ரொவேனா நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அந்த முகம் வந்தது.

"வெங்" என்றான். வீட்டில் கூப்பிடுகிற பெயர். "போகாதே."

"ஏன்? சொறிமுட்டையா?"

"சொறிமுட்டை ஒருநாளும் வரல. வெங், நீ ஒருநாளும் எழுநூத்தம்பது மீட்டர் நீந்தல."

அவளுக்குப் புரியவில்லை. "பதினாறு நிமிஷம்..."

"பாதி நீ நீந்தினே, பாதி தண்ணி நீந்திச்சு. தண்ணி வீட்டைப் பார்த்துப் போற நேரமா பார்த்து நான் கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு ஆறு மணிக்குத் தண்ணி நிக்கும், தெரியாம போயிடும்னு நினைச்சேன். இப்ப ஓடுது. திரும்பி வரும்போது எதிர்த் தண்ணி."

"எத்தனை நாள் இப்படி?"

"எல்லா நாளும்."

"மனாங் பெசிங்குக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ரொவேனா அவனையே பார்த்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் துள்ளிக் குதித்துக் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த முகம் போய்விட்டிருந்தது. அவன் பயந்தது அதற்குத்தான், கண்ணெதிரே போனது. "அன்னைக்கு மணல்ல உட்கார்ந்து அழுதேனே" என்றாள் மெல்ல. "அது ஒண்ணுதான் நெசம். இல்ல?"

மேயர் ஊதுகுழலை உயர்த்தினார். ரொவேனா தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் பக்கத்துல வராதே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். மணி ஏழு ஐந்து.

தெற்கே போகிற பாதி எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. கடல் அள்ளிக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் ஆகா ஓகோ என்று கைதட்டினார்கள். தெற்கு மிதவையைச் சுற்றினபோதுதான் நகரத்துக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. முதல் பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கையை வீசினார்கள், வீசினார்கள், மிதவை அவர்களை விட்டு நகரவில்லை. ஒருவனைத் தண்ணீர் தெற்கே அடித்துக்கொண்டு போனது. ஒரு பெண் கையை உயர்த்தி அலறினாள். ஒன்பது வள்ளமும் ஆள் அள்ளத் தொடங்கின. தெர்யோ மட்டும் ஐந்து பேரை இழுத்துப் போட்டு எஞ்சின் வள்ளத்துக்கு மாற்றிவிட்டான். "இது என்னய்யா கடலா, ஆறா?" என்று வாந்தியெடுத்துக்கொண்டே கேட்டார் ஒரு வங்கி அதிகாரி.

ரொவேனா கடைசியில் வந்தாள். மிதவையைச் சுற்றினாள். எதிர்த் தண்ணீர் அவள் நெற்றியில் அறைந்தது. நின்றுவிட்டாள்.

வராதே என்று சொன்னவள்தான். ஆனால் அவன் காவல் காக்கிற இடம் அது. துடுப்புப் போட்டு இரண்டு ஆள் நீளத் தூரத்தில் வந்தான்.

"வெங், வள்ளத்தைப் பிடிச்சுக்கோ. பிடிக்கலாம், விதியில இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. நேரா கரைப்பக்கம் திரும்பு. இடுப்பளவு தண்ணியில இழுப்பு கிடையாது. அங்கேர்ந்து வளைவுக்கு நடந்தேகூடப் போயிடலாம். தப்பில்ல."

ரொவேனா ஒரு மூச்சு வாங்கினாள். "நெசமாவா?"

"சத்தியமா."

அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான். அவள் கரையைப் பார்த்தாள். பிறகு வடக்கே பார்த்தாள், கடல் எங்கிருந்து வந்துகொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்.

"கரைக்கு நான் போகல" என்றாள். அடுத்த மூச்சில், "கோடை பூரா உன் லேசான தண்ணியிலதானே கிடந்தேன்." அதற்கடுத்த மூச்சில், "இது எப்படி இருக்குன்னு பார்க்கிறேன். வாயை மூடு."

முகத்தைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு கையை வீசினாள்.

வள்ளக்காரன் கடலில் தான் நிற்கிற இடத்தைக் கரையிலுள்ள இரண்டு அடையாளத்தை ஒன்றுசேர்த்துத் தெரிந்துகொள்வான். தெர்யோ பார்த்தான். கோயில் சிலுவையும் ரொட்டிக் கடைத் தகரக் கூரையின் முனையும் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. நூறு கை போட்டாள் ரொவேனா. சிலுவை கூரையை விட்டு நகரவில்லை. இன்னும் நூறு. நகரவில்லை. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு பெண் விடாமல் நீந்துவதும் அதே இடத்தில் இருப்பதும் தெரிந்தது. கைதட்டல் நின்றுபோயிற்று. மாதர் சங்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் தெர்யோவுக்கு ஒன்று உறைத்தது. தன் வள்ளம் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. ஆறு வயதிலிருந்து துடுப்புப் பிடித்தவன், அவள் பக்கத்தில் நிற்பதற்கே நெஞ்சு வலிக்கத் துடுப்பு வலிக்க வேண்டியிருந்தது. அவளோ வெறுங்கையோடு நின்றாள். வந்த கடலையெல்லாம் வாங்கி வாங்கிப் பின்னால் தள்ளிவிட்டு அங்கேயே நின்றாள். இந்தக் கடலில் புயல் பார்த்திருக்கிறான், வள்ளத்தைவிடப் பெரிய மீன் பார்த்திருக்கிறான், இரவில் தண்ணீர் தானாக எரிவதைப் பார்த்திருக்கிறான். இதுபோல் ஒன்றைப் பார்த்ததில்லை. மயிர்க்கூச்செறிந்தது அவனுக்கு. இவளையா அழுதுவிடுவாள் என்று பயந்து ஏமாற்றினேன் என்று வெட்கப்பட்டான். வெட்கத்தோடு சந்தோஷமும் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

எவ்வளவு நேரமோ. கூரை முனைக்கும் சிலுவைக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது.

கத்தவேண்டும் போலிருந்தது. வாயை மூடச் சொன்னது நினைவு வந்து பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டு விரற்கடை. பிறகு ஒரு கை அகலம். சிலுவை கூரையை விட்டு முழுதாக விலகி வானத்தில் தனியாக நின்றபோது கரையில் பெசிங்கின் குரல்தான் முதலில் கேட்டது: "வர்றாடா! பாருங்கடா, வர்றா!" அதற்குப் பிறகு ஊரே கத்தியது.

அவள் கரையேறும்போது அறுபத்தோராம் நிமிஷம். நாற்பது நிமிஷத்துக்குள் வராதவர்கள் போட்டியில் இல்லை என்பது விதி. நாலு காலில் தவழ்ந்து மணலுக்கு வந்து, எழுந்து, தள்ளாடி ஜுன்ரே சார் முன்னால் நின்றாள். சார் பக்கத்திலிருந்த நகரத்து நடுவர், "நேரம் முடிஞ்சு போச்சே" என்றார்.

ஜுன்ரே தம் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு நேரத்தைப் பத்தி இந்த ஊர்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ரொவேனா, சைக்கிளை எடுங்க."

மற்றதெல்லாம் தெர்யோ கரையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மேயர் போட்ட சாலையில் இருபது கிலோமீட்டர் மிதித்தாள். ஒன்பதரை மணி வெயிலில், தார் செருப்பில் ஒட்டுகிற நேரத்தில், சைக்கிளை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்தாள். வழியில் சுருண்டு உட்கார்ந்திருந்தவர்களையும் நடந்துகொண்டிருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கடந்தாள். பதினான்கு பேர். பெசிங் எண்ணினாள். வளைவுக்குள் நுழைந்தபோது யாரோ துண்டு கொடுத்தார்கள், யாரோ இளநீர் கொடுத்தார்கள். தெர்யோ கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். அவள் அவனைத் தேடவுமில்லை, பார்த்தபோது முகத்தைத் திருப்பவுமில்லை.

மத்தியானம் வீட்டில் அவன் மீனைப் புளிக்காயோடு போட்டுக் கொதிக்க வைத்திருந்தான். ரொவேனா குளித்துவிட்டு வந்து மூங்கில் பலகையில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோளச் சோறு சாப்பிட்டாள். மூன்றாவதும் போட்டான். ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசியிருந்தால் தேவலை.

"வெங், நான் வேணும்னு..."

"வேணும்னுதான் பண்ணே. பேசாதே." குழம்பை உறிஞ்சினாள். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கு எதிர்த் தண்ணி எப்ப பலமா இருக்கும்?"

தெர்யோ எச்சில் கையோடு விரல் மடக்கி எண்ணினான். "ஏழேகாலுக்கு ஓட ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு இன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும்."

ரொவேனா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வேலிக்குப் போனாள்.

"மனாங்! நாளைக்கு வற்றம் எத்தனை மணிக்குப் பலமா இழுக்கும்?"

பெசிங் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எட்டு. ஏன்?"

தெர்யோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். காது எரிந்தது. வாங்கிக்கொண்டான், அது அவனுக்கு வேண்டியதுதான்.

ரொவேனா அதேபோல் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எட்டுதான்" என்றாள். "வள்ளத்தை எடுக்காதே. நீயும் எங்கூடத் தண்ணியில இறங்கு."